பத்தெழுத்துக்குக் குறையாத பெட்டிசம்

மன்னார்ப் பகுதியை ஆளுகிற ஏசண்டுத் துரையின் மேசையில், நான் மனுவாக எழுதிய பெட்டிசம் விரிந்து கிடந்தது. கச்சான் காற்றுக்குப் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் பாரம் வைத்திருந்தார்கள். ஒரு மைக்கூடு, ஒரு சங்கு, ஒரு மேசை மணி, துரை புகைக்கிற சுங்கான். தாளின் நடுப்பகுதி மட்டும் உப்பி உப்பித் தாழ்ந்துகொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு சொல்லின் தலையிலும் சிவப்புப் பென்சிலால் ஓர் இலக்கம் போடப்பட்டிருந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, மறுபடி பதினொன்று. எதன் கணக்கு அது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அதன் எழுத்தை எண்ணுகிற ஆட்கள் மன்னாரில் இரண்டே பேர்தான் இருந்திருக்க வேண்டும். ஒருவன் நான். மற்றவர் எனக்கு எதிரே கதிரையில் இருந்தார்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு, ஐந்து வயதிருக்கும். மச்சானின் கோட்டை இரவல் வாங்கி மாட்டியிருந்தேன். அதன் கை என் விரல் நகம்வரை வந்தது. அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து பியோன் காலையில் வந்து துரை உடனே வரட்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான். உம்மா ஏதோ ஓதி என் தலையில் ஊதிவிட்டார். வாப்பா, மறியலில் அடைக்கப்படுவதானால் கோட்டைக் கழற்றி மச்சானிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி சொன்னார்.

துரை தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் சொற்கள் என்னிடம் எப்படி வந்து சேர்ந்தன என்று சொல்ல வேண்டும். இந்தப் பகுதியில் போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு, "படிப்பைப் பாதியில் விட்ட நீங்கள் கச்சேரிக்குள் எப்படி நுழைந்தீர்கள்?" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் வீட்டாரும் அதையேதான் கேட்டார்கள்.

அர்த்தம் அவருக்கு, எழுத்து எனக்கு

நான் ஒரு பிறக்கிராசியாரின் கந்தோரில் நகல் எழுதுகிற வேலை பார்த்தேன். பிறக்கிராசியார் என்றால் கோட்டில் வழக்குப் பேசுகிறவர். காணி உறுதிப் பத்திரங்கள், முறைப்பாடுகள், அழைப்பாணைகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். நான் பார்த்து அப்படியே இறக்கிவிடுவேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதியது என்னவென்று கேட்டால் பேந்தப் பேந்த விழிப்பேன்.

அந்த நாட்களில்தான் கொழும்பிலிருந்து வருகிற ஆங்கில வாரப் பத்திரிகை ஒன்று குறுக்கெழுத்துப் போட்டி தொடங்கியது. முதற் பரிசு ஒரு சைக்கிள். பத்திரிகைக் கட்டு ரயிலில் வந்து இறங்குகிற நாளில் பட்டினத்து ஆங்கிலப் படிப்பாளிகள் எல்லோரும் ஸ்டேஷனில் ஆஜராகிவிடுவார்கள். ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வருவார், மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் வருவார், என் பிறக்கிராசியாரும் வருவார். நாலைந்து கழுதைகளும் வரும். கட்டைச் சுற்றியிருக்கும் வைக்கோல் அவற்றுக்கு.

வழக்குக்காரர் வாசலில் காய, பிறக்கிராசியார் உள்ளே கட்டங்களோடு மல்லுக்கட்டுவார். ஒருநாள் ஐந்து எழுத்து, நடு எழுத்து இசட் என்று சுவரைப் பார்த்துப் புலம்பினார். நான் நகலிலிருந்து தலையை எடுக்காமல் "டசின்" என்றேன். வாப்பா கடலட்டை அனுப்புகிற பெட்டிகளின் பக்கத்தில் அந்தச் சொல் அச்சடித்திருக்கும். அதன் எழுத்துகளைச் சிறு வயதிலேயே எண்ணி வைத்திருந்தேன். கண்டதையெல்லாம் எண்ணுவது எனக்கு ஒரு வியாதி.

பிறக்கிராசியார் என்னைப் புதிதாகப் பார்த்தார். அன்று பின்னேரமே அலுமாரியைத் திறந்து, தலையணை மொத்தத்தில் இருந்த ஆங்கில அகராதியை என் மேசையில் இறக்கினார். அதில் உள்ள சொற்களையெல்லாம் நீளத்தின்படி பிரிக்கச் சொன்னார். நான்கெழுத்துக்கு ஒரு கொப்பி, ஐந்தெழுத்துக்கு ஒரு கொப்பி, அப்படியே பதினைந்துவரை. ஒவ்வொரு கொப்பிக்குள்ளும் எந்த எழுத்து எந்த இடத்தில் வருகிறது என்று தனித்தனிப் பக்கங்கள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுக் குந்தினால் பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை எழுதுவேன். கச்சான் காலத்தில் மணல் வந்து மையில் விழுந்து பேனா முள் கரகரக்கும். ஒன்றரை வருஷம் ஓடிற்று. அர்த்தங்களை எழுதவில்லை. எழுதினால் கொப்பி காணாது என்று பிறக்கிராசியார் சொல்லிவிட்டார். போட்டிக்குத் தேவையான அர்த்தத்தை அவர் பார்த்துக்கொள்வார். வேலையைச் சரிபாதியாகப் பிரித்திருந்தோம். அர்த்தம் அவருக்கு, எழுத்து எனக்கு.

முடிவில் கொப்பியைப் பார்க்காமலே சொல்லக்கூடியவனாகிவிட்டேன். ஏழெழுத்து, கியூவில் தொடங்க வேண்டும் என்றால் குவாரெல், குவாலிட்டி, குவார்ட்டர் என்று வாய் தானாக ஓடும். அவற்றில் ஒன்று சண்டை, ஒன்று தரம், ஒன்று கால்வாசி என்பது எனக்குப் பல வருஷங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு மூன்றும் எனக்கு ஒரே நிறை.

அப்போதிக்கரி நோயாளியின் நாக்கைப் பார்த்தபடியே ஆள் அனுப்பி என்னிடம் சொல் கேட்பார். வாத்தியார் பள்ளி விட்டதும் நேரே வருவார். எனக்குச் "சொல்லுத் தம்பி" என்று பெயரே வைத்துவிட்டார்கள். கடைசியில் பிறக்கிராசியாருக்குச் சைக்கிள் விழுந்தது. அவருடைய உடம்புக்கு அது ஒத்துவரவில்லை. இரண்டு தரம் ஏறிப் பார்த்தார். மூன்றாந்தரம் சைக்கிள்மேல் இரக்கப்பட்டு, கந்தோர் அலுவலுக்கு வைத்துக்கொள் என்று என்னிடம் தந்துவிட்டார்.

இடையில் ஒரு சங்கதி. ஒருநாள் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நான் போட்டிருந்த மச்சானின் கோட்டையும் தொப்பியையும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். அவர் சொன்னவற்றில் நான்கு சொற்களைப் பிடித்தேன். நான்கு, ஆறு, இரண்டு, ஐந்து என்று எழுத்தும் எண்ணிவிட்டேன். அவர் பதிலுக்காகக் காத்து நின்றார். நான் ஒரு சலாம் போட்டுவிட்டு ரயில் தண்டவாளத்தின் வழியே நடந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரு குளம் தப்பியிருக்கும்.

புளியங்கொட்டைக் கணக்கு

நறுவிலிக்குளத்திலிருந்து கணபதி என்று ஒருவர் காணி உறுதி ஒன்றுக்காகக் கந்தோருக்கு வந்துபோனார். கறுத்து நெடுத்த மனிதர், அதிகம் கதைக்க மாட்டார். அவர் வந்த நாட்களில் எல்லாம் ஒரே காட்சியைக் கண்டிருக்கிறார். வழக்குப் பேசுகிற பிறக்கிராசியார் சொல் அகப்படாமல் என்னிடம் கேட்கிறார். மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி என்னிடம் ஆள் அனுப்புகிறார். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற வாத்தியார் என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறார். கணபதி அண்ணை ஊருக்குப் போய் என்னைப் பற்றிச் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கண்டதைத்தான் சொன்னார்.

ஆவணி மாதத்தில் ஒருநாள் அவரும் மனைவி வள்ளியம்மையும் இன்னும் இரண்டு பேரும் என்னைத் தேடி வந்தார்கள். குளத்துக்காகத் துரைக்கு ஒரு பெட்டிசம் எழுத வேண்டும் என்றார்கள். பிறக்கிராசியாரிடம் கேட்கலாமே என்றேன்.

"அவரே உங்களிட்டைக் கேட்டுத்தானே தம்பி எழுதுறார்" என்றார் கணபதி அண்ணை. "உங்களிலும் பெரிய ஆளுக்கு நாங்கள் எங்கை போறது?"

இதற்கு மறுமொழி சொல்ல ஒரு நல்ல மனிதனால் முடிந்திருக்கும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு, மன்னார்த் தீவின் பாலத்தைக் கடந்து, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் நறுவிலிக்குளத்துக்குப் போனேன்.

குளத்தை முதலில் காட்டினார்கள். குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற கதவைத் துருசு என்பார்கள். அந்தத் துருசின் பலகை இற்றுப் போய், குளக்கட்டுக்கு அடியால் போகும் குழாயும் வெடித்திருந்தது. மழைத் தண்ணீர் வந்து நிரம்பினாலும் இரண்டு மாதத்தில் சொட்டுச் சொட்டாக ஓடி முடிந்துவிடும். முந்திய வருஷம் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்து, கணபதி அண்ணை மூன்று நாள் கழுத்தளவு தண்ணீரில் நின்று முதுகால் முட்டுக் கொடுத்தாராம். அப்படியும் பாதி நெல்தான் மிஞ்சியது. இந்த முறை முட்டுக் கொடுக்க அங்கே பலகையே இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் அரசாங்க மராமத்து ஓவசியர் வந்து புதுத் துருசு போட்டால் ஊருக்குச் சோறு. இல்லாவிட்டால் இல்லை. விஷயம் இவ்வளவுதான்.

கட்டின்மேல் மருதமரத்து நிழலில் பாய் போட்டு என்னை இருத்தினார்கள். ஊரே சுற்றிக் குந்தியது. நான் பேனாவைத் திறந்தேன்.

அப்போது அவர்களில் ஒரு பெரியவர் பக்கத்து ஊர்க் கதையைச் சொன்னார். அந்த ஊரார் கிணறு கேட்டு யாழ்ப்பாணத்தில் ஒருவரைக் கொண்டு பெட்டிசம் எழுதுவித்தார்களாம். அதில் ஒரு சொல் வரியின் பாதிக்கு நீண்டு கிடந்ததாம். அதைக் கண்டு துரை திடுக்கிட்டுத்தான் கிணற்றுக்கு ஒப்பம் வைத்தாராம். ஆகவே தங்கள் பெட்டிசத்திலும் அப்படிப்பட்ட சொற்கள் விழ வேண்டும். அரசாங்கம் சின்னச் சொல்லுக்கு அசையாது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

என்னிடம் பதினைந்து எழுத்துவரை இருக்கிறது என்றேன். அந்த வாயைத்தான் தைத்திருக்க வேண்டும்.

உடனே சட்டம் போட்டார்கள். பத்துக்குக் குறைந்த சொல் ஒன்றும் வரக்கூடாது. நடுவில் ஒட்டுப் போடுகிற ஒன்றிரண்டு பொடிச் சொற்களுக்கு மட்டும் மன்னிப்பு. எண்ணிப் பார்ப்பதற்கு ஒருவர் வீட்டுக்குள்ளே போய்ப் பிள்ளைகள் விளையாடுகிற புளியங்கொட்டைகளை ஒரு சிரட்டையில் அள்ளி வந்தார். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி எழுதுவேன். அவர் எழுத்துக்கு ஒரு கொட்டையாக மணலில் வைப்பார். பத்தைத் தாண்டியதும் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

மக்னானிமிட்டி வந்தது, பதினொன்று. இன்டிஃபாட்டிகபிள் வந்தது, பதின்மூன்று. ஃபிலாந்த்ரோப்பிக் வந்தது, அதுவும் பதின்மூன்று, கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. குளத்துக்கு ஒரு சொல் கேட்டார்கள். டாங் என்றேன். நான்கு கொட்டை. சிரட்டைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ரிசர்வாய் என்று நீட்டிப் பார்த்தேன். ஒன்பதில் நின்றுவிட்டது. ஒரு கொட்டையால் எங்கள் குளம் பெட்டிசத்திலிருந்து வெளியேறியது.

அடியால் போகிற குழாய் என்று யாரோ ஞாபகப்படுத்த, சப்டெர்ரேனியன் என்று ஒரு பன்னிரண்டை எடுத்துப் போட்டேன். அது நிலத்துக்கு அடியைக் குறிக்கும் என்று பிறக்கிராசியார் எப்போதோ சொல்லியிருந்தார். அதற்குப் பக்கத்தில் லமென்டேஷன் என்ற பதினொன்றை வைத்தேன். பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் வரியில் இடம் இருந்ததுதான்.

எழுதி முடித்து உரக்க வாசித்தேன். மருதமரத்தில் இருந்த கொக்குகள்கூட எழும்பிப் போயின. ஊரார் சந்தோஷத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வள்ளியம்மை அக்கா மட்டும் தாளுக்குக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"தம்பி, தண்ணி நிக்குதில்லை எண்டது இதுக்குள்ளை எங்கை கிடக்கு?"

"உள்ளுக்குத்தான் கிடக்கு, அக்கா" என்றேன்.

அது பொய். தெரிந்தே சொன்னேன். வாட்டர் ஐந்தே எழுத்து, எடுபட்டிருக்காது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அது இல்லை என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்கேயாவது ஒரு நீண்ட சொல்லுக்குள் தண்ணீரும் அடங்கியிருக்கும் என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன். ஊரார் வரிசையாகப் பெருவிரல் அடையாளம் வைத்தார்கள். கணபதி அண்ணை முதலாவதாக வைத்தார். எழுதியவன் என்று அடியில் என் பெயரையும் போட்டேன்.

மறுபடியும் துரையின் மேசை

இப்போது அந்தச் சிரிப்புக்கு வரலாம்.

துரை சிவப்புப் பென்சிலை எடுத்து மக்னானிமிட்டி என்ற சொல்லைத் தட்டினார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து அந்தக் கொழும்புப் பத்திரிகையை வெளியே எடுத்தார். பாதிக் கட்டங்கள் நிரம்பியிருந்தன. எனக்கு மூச்சு வந்தது. பதினொரு எழுத்து, மூன்றாவது ஜி, கடைசியில் வை. நான்கு நாளாக அகப்படாமல் இருந்த அந்தச் சொல் நறுவிலிக்குளத்துச் சனங்களின் பெட்டிசத்தில் வந்து தபாலில் இறங்கியிருக்கிறது. மனிதர் பூரித்துப் போயிருந்தார்.

பக்கத்தில் பெரிய கிளாக்கர் முதலியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். துரையின் ஆங்கிலம் எனக்கு விளங்காத இடங்களில் அவர் தணிந்த குரலில் தமிழில் சொன்னார். இன்னும் ஒரு சொல் பாக்கி இருக்கிறதாம். ஒன்பது எழுத்து, உள்ளே ஒரு கியூ, முடிவில் ஈ.

"க்ரொட்டெஸ்க், சேர்" என்றேன்.

துரை கட்டங்களில் விட்டுப் பார்த்தார். பொருந்தியது. கதிரையில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சொல்லுக்கு அலங்கோலம், விகாரம் என்றெல்லாம் அர்த்தம் உண்டு என்று பின்னாளில் பார்த்தபோது, நான் போட்டிருந்த கோட்டைப் பற்றி எனக்கு யோசனை வந்தது. அன்று அதெல்லாம் இல்லை. ஆங்கிலேயத் துரை ஒருவர் எழும்பி நின்று எனக்குக் கைலாகு கொடுத்தார். என்னைப் புலவன் என்று சொன்னார் என முதலியார் மொழிபெயர்த்தார்.

பிறகு துரை பெட்டிசத்தின்மேல் கையை வைத்தார். சிரிப்பு அடங்கியிருந்தது. கேட்டது சின்னச் சின்னச் சொற்களில் என்பதால் முதலியார் இல்லாமலே எனக்கு விளங்கிற்று. இந்தச் சனங்களுக்கு என்ன வேண்டும்? நிலத்துக்குக் கீழே இருந்து அழுகை கேட்கிறது என்று எழுதியிருக்கிறது, இது ஏதும் சவம் புதைக்கிற சவக்காலைப் பிரச்சினையா?

இந்த இடத்தை நான் இதுவரை யாருக்கும் சரியாகச் சொன்னதில்லை. கேட்கிறவர்களைச் சிரிக்கவைத்துவிட்டு நழுவிவிடுவேன். இன்று எழுதுகிறேன்.

எனக்கு டாங் தெரியும். டோர் தெரியும். புரோக்கன் தெரியும். மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னால் போதும், துரை அன்றே ஓவசியரை அனுப்பியிருப்பார். ஆங்கிலத்தில் வராவிட்டால் தமிழில் சொல்லியிருக்கலாம், முதலியார் அதற்குத்தான் அங்கே நின்றார். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் கைலாகு வாங்கிய புலவன், சந்தையில் மீன் விலை கேட்கிறவன்போல மூன்று துண்டுச் சொல்லை எறிவதா? அல்லது தமிழுக்கு இறங்கி, தன் வண்டவாளத்தைத் தானே தண்டவாளத்தில் ஏற்றுவதா? கழுத்தளவு தண்ணீரில் நின்ற மனிதரின் முகம் எனக்கு அப்போது ஞாபகம் வரவே இல்லை. வந்தது கொப்பிதான்.

"கன்சிடரேஷன், சேர்" என்றேன். பதின்மூன்று.

துரை மறுபடி சிரித்தார். கவனிப்புத்தானே, அது தாராளமாகக் கிடைக்கும் என்றார். பெட்டிசத்தின் மூலையில் கவனிக்கப்பட்டது என்று ஒரு சொல் எழுதி, முதலியாரிடம் நீட்டினார். முதலியார் அதை முடிந்துபோன பெட்டிசங்களின் கோவையில் போட்டுக் கட்டினார். எனக்குக் கச்சேரியில் ஒரு கிளாக்கர் இடம் காலியாக இருப்பதாக அதே மூச்சில் சொன்னார்கள்.

வாப்பாவுக்குச் செய்தி சொன்னபோது அவர் கோட்டைத் தடவிப் பார்த்தார். மச்சானிடம் அதை விலைக்கே கேட்கலாம் என்றார்.

என் கதிரை

பெட்டிசங்களைப் பிரித்து இடாப்பு என்ற பதிவேட்டில் பதிவதுதான் எனக்குத் தந்த வேலை. அந்தக் கோவை என் கதிரையிலிருந்து இரண்டு முழத்தில் ஒரு தட்டில் இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். முதல் கிழமையே எடுத்து முதலியாரிடம் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். புதிதாக வந்த உடனே வேண்டாம், உத்தியோகம் உறுதியாகட்டும் என்று தள்ளிப் போட்டேன். ஐப்பசியில் வானம் இருட்டியது. கார்த்திகையில் நல்ல மழை. பட்டினத்தில் எல்லோரும் நல்ல மழை என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கு ஒவ்வொரு துளியும் அந்த வெடித்த குழாயால் ஓடுவது கேட்டது. அப்போதும் நான் எழும்பவில்லை.

மாசியில் வள்ளியம்மை அக்கா தனியே வந்தார். கச்சேரி விறாந்தையில் நின்று, என் கதிரையையும் மேசையையும் ஆசையாகப் பார்த்தார். அவருடைய முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அது இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"நெல்லெல்லாம் கதிர் வெளிக்க முன்னமே, குடலையிலையே கருகிப் போச்சு, தம்பி" என்றார். "மாடு ரெண்டையும் வித்திட்டம். அவர் தலைமன்னாரிலை கப்பலுக்கு மூட்டை தூக்கிறார்."

அக்கா குரலைத் தணித்துக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னார். போன முறை எழுதிய சொற்களின் நீளம் காணாது என்று ஊரில் எல்லோரும் அபிப்பிராயப்படுகிறார்கள். இன்னும் நீட்டாக ஒன்று எழுதித் தர வேண்டும்.

மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அர்த்தத்தை முன்னால் வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுதினேன். துருசு உடைந்துவிட்டது. தண்ணீர் நிற்பதில்லை. நெல் செத்துவிட்டது. மழைக்கு முன் ஆள் அனுப்புங்கள். நான்கு வரி. எந்தச் சொல்லும் ஆறு எழுத்தைத் தாண்டவில்லை. எழுதும்போது ஒரு சொல்லைக்கூட எண்ணவில்லை.

அக்கா தாளை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். முக்கால்வாசி வெறுமையாக இருந்தது.

"இவ்வளவுதானோ?"

"இது காணும், அக்கா. இதைத் துரைக்குக் குடுங்கோ."

எனக்கு வருத்தம் வரக் கூடாது என்று அவர் தலையாட்டினார். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, படியிறங்கிப் போனார். அன்று அவர் பெட்டிசம் ஒன்றையும் கொடுக்கவில்லை என்பது பின்னேரம் இடாப்பை மூடும்போது தெரிந்தது.

சித்திரை கழிந்து நறுவிலிக்குளத்துப் பெட்டிசம் தபாலில் வந்தது. கையெழுத்து, பக்கத்து ஊருக்குக் கிணறு கேட்டு எழுதிய அந்த யாழ்ப்பாணத்தாருடையது. ஆளைக் குறை சொல்ல மாட்டேன், தொழில் தெரிந்தவர். ஒரு சொல்லைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் எண்ணினேன், பதினாறு. மூன்று பக்கத்துக்கு வாழ்த்தும் புலம்பலும் இருந்தன. துருசு என்று ஒரு சொல் இல்லை. கீழே பெருவிரல்கள், பக்கத்தில் பெயர்கள். முதலாவதாக இருந்தது கணபதி அண்ணையுடையது அல்ல.

இடாப்பில் விஷயம் என்று ஒரு கட்டம் உண்டு. பெட்டிசம் எதைப் பற்றியது என்று கிளாக்கர் ஒரு வரியில் எழுத வேண்டும். துரைமார் பெட்டிசங்களை வாசிப்பதில்லை, அந்தக் கட்டத்தைத்தான் வாசிப்பார்கள் என்பதை அதற்குள் நான் தெரிந்துகொண்டிருந்தேன். அந்தக் கட்டத்தில், பெட்டிசத்தில் எங்குமே இல்லாத விஷயத்தை எழுதினேன். துருசு உடைவு, குளத்தில் தண்ணீர் நிற்பதில்லை, அவசரம். துரை அதற்கு நேரே ஓவசியரின் பெயரை எழுதினார். ஆனியில் மாட்டு வண்டியில் இரும்புக் கதவு போயிற்று.

கட்டின்மேல்

மார்கழியில் ஒரு லீவு நாள் பார்த்து சைக்கிளில் போனேன். குளம் விளிம்புவரை நின்றது. புதுத் துருசில் கறுப்புப் பூச்சு இன்னும் மினுங்கியது. கீழே வயல்கள் பச்சைப் பசேலென்று கிடந்தன, நடுவில் இரண்டு துண்டு மட்டும் வெறுந்தரையாக இருந்தது. அது யாருடைய வயல் என்று நான் கேட்கவில்லை. உழ மாடு இல்லாதவருடைய வயல், வேறு யாருடையதாக இருக்கும்?

வள்ளியம்மை அக்கா கட்டுக்குக் கீழே கல்லில் சேலை தோய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கணபதி அண்ணை இன்னும் தலைமன்னாரில்தான் இருக்கிறார், மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துவிட்டது, வயலுக்குத் திரும்புவாரோ தெரியாது என்று நடந்ததை அடுக்கினார். பிறகு சேலையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு குளத்தைக் கையால் காட்டினார்.

"பாத்தீங்களே தம்பி, அந்த யாழ்ப்பாணத்தாற்றை எழுத்து. ஒரே எழுத்திலை துருசு வந்திட்டுது. எங்கடை காலம், ஒரு வருஷம் பிந்திப் போனம்."

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். என் மனம் நோகும்படி கதைத்துவிட்டோமோ என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கிட்ட வந்து, என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்.

"உங்களிலை பிழை இல்லை, தம்பி. நீங்கள் மனசாரத்தான் செய்தனீங்கள். இன்னும் கொஞ்சம் படிச்சிருக்கலாம், அவ்வளவுதான்."

"ஓம், அக்கா" என்றேன்.